தனியாக இசை சிகிச்சை தொடங்குகிறவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

இசை சிகிச்சையை முறையாகப் படித்து, பயிற்சியும் முடித்து, இனி எந்த நிறுவனத்தையும் சாராமல் சொந்தமாகத் தொடங்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் வேலை செய்கிறேன். புதியவர்கள் சிலருக்கு வழிகாட்டியாகவும் இருந்திருக்கிறேன். அவர்கள் எல்லோருக்கும் நன்றாகப் பாட வரும், வாசிக்க வரும். இருந்தும் முதல் சில மாதங்களிலேயே களைத்துப்போகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்துவிடுகிறார்கள். அறை பிடித்து, வாத்தியங்கள் வாங்கி, பெயர்ப்பலகை மாட்டி, அதற்கப்புறம் "யாருக்கு, எதற்காக" என்று யோசிக்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போகச் சொல்வேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தகுதி. நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரிட்டனில் 'இசை சிகிச்சையாளர்' என்ற பட்டத்தைச் சட்டமே பாதுகாக்கிறது. அரசு ஏற்ற பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் குறைந்தது 1200 மணி நேரப் பயிற்சியும் அதன் பின் சான்று தரும் வாரியத்தின் தேர்வும் உண்டு. அந்தச் சான்றை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் விதி என்ன என்பதை முதல் நாளே எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். விதியே இல்லாத இடமாக இருந்தால் பொறுப்பு உங்களுக்கு இன்னும் அதிகம். யார் வேண்டுமானாலும் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலையில், உங்கள் படிப்பையும் பயிற்சியையும் நீங்களே தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது தொழில் பொறுப்புக் காப்பீடு. குழந்தைகளோடு வேலை செய்வதென்றால் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றும் வேண்டும். பல இடங்களில் கட்டாயம். கட்டாயம் இல்லாத இடத்திலும் எடுத்து வையுங்கள். பெற்றோர் கேட்பதற்கு முன் நீங்கள் காட்டினால் அவர்களுக்கு நிம்மதி.

மூன்றாவது, மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேச ஒரு மூத்த சிகிச்சையாளர். பலர் இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். மருத்துவமனையில் வேலை செய்யும்போது பக்கத்து மேசையில் கேட்க ஆள் இருந்தார். தனியாக வந்தபின் அப்படி யாரும் இல்லை. ஒரு கடினமான அமர்வு முடிந்த இரவில் தேடினால் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார்.

2. யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

"எல்லா வயதினருக்கும், எல்லாப் பிரச்சினைகளுக்கும்" என்று எழுதாதீர்கள். ஒரு பிரிவு, மிஞ்சினால் இரண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள், பக்கவாதத்துக்குப் பின் மீள்பவர்கள், மறதி நோய் உள்ள முதியவர்கள், பார்க்கின்சன் உள்ளவர்கள், மன அழுத்தத்தில் இருப்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் அறிவு வேறு. உங்களுக்குப் பயிற்சியில் அதிக நேரம் எதில் கிடைத்ததோ அதிலிருந்து தொடங்குங்கள்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பிசியோதெரபிஸ்டோ பேச்சுப் பயிற்சியாளரோ உங்களிடம் ஒருவரை அனுப்ப வேண்டுமென்றால், நீங்கள் எதைச் செய்கிறவர் என்பது அவர் நினைவில் ஒரே வரியாக நிற்க வேண்டும்.

3. நேரக் கணக்கு, அதிலிருந்து கட்டணம்

கட்டணத்தைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வைக்கக் கூடாது. உங்கள் நேரத்தை எண்ணி வையுங்கள். வாரத்துக்கு 45 நிமிட அமர்வுகள் 12 என்று வைத்துக்கொள்வோம். அமர்வு நேரம் 9 மணி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் தயாரிக்கவும் பின்னால் துடைத்து எடுத்து வைக்கவும் 15 நிமிடம், குறிப்பு எழுத 15 நிமிடம்: அது 6 மணி. வீடு தேடிப் போவதானால் சராசரி அரை மணி நேரப் பயணம்: இன்னொரு 6 மணி. குடும்பத்தாரோடும் மற்ற மருத்துவர்களோடும் பேச 2 மணி, வரவு செலவும் படிப்பும் 2 மணி. மொத்தம் 25 மணி. நீங்கள் வாங்கும் கட்டணம் 9 மணி நேரத்துக்கானது என்று தோன்றும். அது 25 மணி நேரத்தைத் தாங்க வேண்டும். இதை எண்ணாமல் தொடங்கியவர்கள்தான் வாரம் 25 அமர்வுகளை ஒப்புக்கொண்டு நொடிந்துபோகிறார்கள்.

கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு இடம் வைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 12 பேரில் 2 இடம் குறைந்த கட்டணத்துக்கு என்றால், அந்த இரண்டும் நிரம்பியபின் மூன்றாமவரைக் காத்திருப்போர் பட்டியலில் வையுங்கள். ஒவ்வொருவரிடமும் அந்தந்த நேரத்து மனநிலைக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டே போனால், யாரையும் தொடர்ந்து பார்க்க முடியாத நிலைக்கு நீங்களே வந்துவிடுவீர்கள்.

அமர்வை ரத்து செய்வதற்கான விதியை, உதாரணமாக 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பதை, முதல் அமர்வுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிரச்சினை வந்த பிறகு சொல்லப்படும் விதி யார் காதிலும் தண்டனையாகவே விழும்.

4. அறை, வாத்தியங்கள்

இப்போதுதான் இதற்கு வருகிறோம். அறையைப் பார்க்கப் போகும்போது கதவைச் சாத்திவிட்டு 2 நிமிடம் சும்மா உட்காருங்கள். விளக்கின் ரீங்காரம், குளிர்சாதனத்தின் இரைச்சல், பக்கத்து அறைப் பேச்சு எல்லாம் கேட்கும். ஒலிக்குக் கூசும் குழந்தைக்கு அந்த ரீங்காரம் ஒன்றே போதும், அமர்வு முழுக்க வீணாகும். உள்ளே பேசுவது வெளியே கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் அங்கே யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

வாத்தியம் கொஞ்சம் போதும். கிதாரோ கீபோர்டோ ஒன்று, கையால் தட்டும் டிரம் இரண்டு மூன்று, ஷேக்கர், மணி, சிறிய சைலோபோன். எல்லாம் துடைக்கக் கூடியதாக இருக்கட்டும். வாயால் ஊதுவதை ஒருவருக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். சிறு குழந்தைகள் வரும் இடத்தில் கழன்று விழும் சின்னப் பாகங்கள் கூடாது. இரண்டு டிரம்களை ஒரே மாதிரி வாங்குவது நல்லது: நீங்களும் எதிரில் இருப்பவரும் ஒரே வாத்தியத்தை வைத்திருந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வது எளிது.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. சிறிய அறையில் நான்கைந்து பேர் டிரம் அடித்தால் இதைச் சுலபமாகத் தாண்டும். வருகிறவர் அரை மணியில் போய்விடுவார். நாள் முழுக்க அதில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

5. முதல் அழைப்பும் விவரப் படிவமும்

முதல் தொலைபேசிப் பேச்சிலேயே தேதி கொடுத்துவிடுவது பரவலான தவறு. முதலில் படிவம். அதில் நோய் விவரம், மருந்துகள், தற்போது பார்க்கும் மருத்துவர், செவித்திறன், காது கேட்கும் கருவி அல்லது உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி இருக்கிறதா, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறார் என்பவை இருக்க வேண்டும். வலிப்பு இருந்தால், எந்த ஒலியாவது அதைத் தூண்டியதுண்டா என்று தனியாகக் கேளுங்கள். அரிதுதான், ஆனால் இசையே வலிப்பைத் தூண்டும் நிலை ஒன்று உண்டு.

"பிடித்த பாட்டு எது" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "எந்தப் பாட்டு வேண்டாம்" என்பதையும் கேளுங்கள், முடிந்தால் ஒருவருக்கு மேற்பட்டவரிடம். என் தொடக்க நாட்களில் ஒரு மூதாட்டிக்கு, அவர் மகள் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்தே ஒரு பாட்டைப் பாடினேன். இரண்டாம் வரியிலேயே அவர் முகம் இறுகிவிட்டது. சிறு வயதில் இறந்துபோன ஒரு பிள்ளையோடு சேர்ந்த பாட்டு அது, மகளுக்கே தெரியாது. அன்று பாட்டை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி அடுத்த நாளே என் படிவத்தில் ஏறியது.

யாரை ஏற்கக் கூடாது என்பதும் இந்தக் கட்டத்தில்தான் தெரிய வேண்டும். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், நிஜம் எது என்று பிரித்தறிய முடியாத நிலையில் இருப்பவர் போன்றவர்களைத் தனியாக ஒரு அறையில் நீங்கள் மட்டும் வைத்துப் பார்ப்பது அவர்களுக்கு நல்லதில்லை. மனநல மருத்துவரும் குழுவும் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். சும்மா "என்னால் முடியாது" என்று விடாமல், எங்கே போகலாம் என்பதையும் சொல்லுங்கள்.

6. மதிப்பீடு

இந்த வேலையில் மிக முக்கியமான கட்டம் இதுதான் என்பது என் கருத்து. புதியவர்கள் அதிகம் தாண்டிக் குதிக்கும் கட்டமும் இதுவே. முதல் அமர்விலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறார்கள். குடும்பத்தார் ஆவலோடு வெளியே காத்திருக்கிறார்கள், உடனே ஏதாவது காட்ட வேண்டும் என்று தோன்றும். காத்திருக்கச் சொல்லுங்கள். 2 முதல் 3 அமர்வுகள் வெறும் மதிப்பீட்டுக்கு என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பார்க்க வேண்டியவை: உடல் அசைவு, பேச்சு, கவனம், உணர்வு, மற்றவர்களோடு சேரும் விதம், அப்புறம் இசைக்கு எப்படி எதிர்வினை வருகிறது என்பது. ஒவ்வொன்றையும் இசை இல்லாமல் ஒருமுறை, இசையோடு ஒருமுறை பாருங்கள். இசை இல்லாமல் பார்க்காவிட்டால், இசையால் ஏதாவது மாறியதா என்று பின்னால் சொல்லவே முடியாது. ஒரு சிறுவன் பாட்டின்போது 4 முறை கண்ணைப் பார்த்தான் என்று பெருமையாக எழுதியிருந்தார் என்னிடம் வந்த ஒருவர். சாப்பிடும்போது எத்தனை முறை பார்க்கிறான் என்று கேட்டேன். அவர் அதைப் பார்த்திருக்கவில்லை.

எண்ணில் எழுதுங்கள். "கவனம் குறைவு" என்று எழுதினால் 3 மாதம் கழித்து எதோடு ஒப்பிடுவது? "டிரம் முன்னாலிருந்து எழாமல் 40 நொடி இருந்தார், 3 முறை" என்றால் ஒப்பிடலாம். தயாராக உள்ள மதிப்பீட்டுக் கருவிகளும் உண்டு. குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் ஐஎம்டிஏபி (IMTAP), மூளை பாதிப்புக்குப் பின் சுயநினைவு முழுதாகத் திரும்பாத நிலையில் இருப்பவர்களுக்கு மட்டாடாக் (MATADOC). மட்டாடாக்கை அதற்கான பயிற்சி எடுத்த பிறகுதான் பயன்படுத்தலாம்.

மதிப்பீட்டின்போது கொஞ்சம் மௌனமும் விடுங்கள். பாட்டு நின்ற 10 நொடியில் எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது, பாட்டு ஓடும் 10 நிமிடத்தில் தெரியாததைக் காட்டும். கை நீட்டுகிறாரா, முகம் திருப்புகிறாரா, தாளத்தைத் தானே தொடர்கிறாரா?

7. இலக்கை எழுதுங்கள்

இலக்கு இசைக்கு வெளியே இருக்க வேண்டும். "மூன்று பாட்டு பாடக் கற்பார்" என்பது இசை ஆசிரியரின் இலக்கு. "சந்தோஷமாக இருப்பார்" என்பது நம் எல்லோருடைய ஆசை. ஆனால் அதை அளக்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "பழகிய பாட்டின் வரி முடிவில் நான் நிறுத்தினால், 10 முறையில் 6 முறை விட்ட சொல்லைத் தானே சொல்வார், 8 வாரத்துக்குள் வீட்டில் தண்ணீரைச் சொல்லால் கேட்பார்." முதல் பாதி அறைக்குள் நடப்பது, இரண்டாம் பாதி வீட்டில் நடப்பது. இரண்டாம் பாதி இல்லாத இலக்கை நான் ஏற்பதில்லை. அறைக்குள் மட்டும் வரும் முன்னேற்றத்தால் அந்தக் குடும்பத்தின் ஒரு நாள் கூட எளிதாவதில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு இலக்குக்கு மேல் வேண்டாம்.

8. முறையைத் தேர்ந்தெடுப்பது

கேட்பது, தெரிந்த பாட்டைச் சேர்ந்து பாடி வாசிப்பது, அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பது, புதிதாகப் பாட்டு இயற்றுவது என்று முறைகளை நான்காகப் பிரிக்கலாம். எதை எடுப்பது என்பதை இலக்கு சொல்லும். உங்களுக்கு எது நன்றாக வரும் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று உதாரணங்களோடு விளக்குகிறேன்.

நடை. பக்கவாதமோ பார்க்கின்சனோ உள்ளவரின் நடையைத் தாளத்தால் சீராக்க வேண்டும் என்றால், முதலில் தாளம் இல்லாமல் நடக்க விட்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். 80 என்றால் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) 80-லேயே வையுங்கள். அடி தாளத்தோடு ஒட்டிய பிறகு 5 முதல் 10 சதவீதம், அதாவது 84-க்கும் 88-க்கும் இடையில் கூட்டுங்கள். கடைசியில் தாளத்தை மெல்ல எடுத்துவிட்டு, சீரான நடை அப்படியே தொடர்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலோர் உற்சாகமான பாட்டு என்று 110-ல் தொடங்கிவிடுகிறார்கள். அந்த வேகத்துக்குக் கால் ஓடினால் ஆள் விழுவார். விழுந்தால் பிடிக்கத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பேச்சு. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு, பிறர் சொல்வது புரிந்தும் தான் பேச முடியாமல் இருப்பவர்களுக்கு, சொற்றொடரை இரண்டு சுரத்தில் இழுத்துப் பாடிப் பழக்கும் முறை உண்டு. "தண்ணி வேணும்" என்பதை ஏற்ற இறக்கத்தோடு பாடும்போது ஒவ்வொரு அசைக்கும் அவருடைய இடது கையைத் தட்ட வைக்க வேண்டும். முதலில் சேர்ந்து பாடுவது, பிறகு பாதியில் நீங்கள் விலகுவது, பிறகு அவர் திருப்பிச் சொல்வது, கடைசியில் ராகத்தைக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருவது. கடைசிப் படியை மறப்பவர்கள் அதிகம். ராகத்தோடே நின்றுவிட்டால் அவர் அறைக்குள் மட்டும்தான் பேசுவார். இதைப் பேச்சுப் பயிற்சியாளரோடு சேர்ந்து திட்டமிடுங்கள்.

மனநிலை. கலங்கி இருப்பவர் முன்னால் நிதானமான மெல்லிசையை வைத்தால் அவர் இன்னும் தனித்துப்போவார். முதலில் அவர் இருக்கும் இடத்துக்கு இசை போக வேண்டும்: அவர் வேகம், அவர் சத்தம், அவர் கனம். அங்கே சேர்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முதியவர்களுக்குப் பாட்டு தேடும்போது அவர்களுக்கு 10 முதல் 30 வயது இருந்த காலத்துப் பாட்டுகளில் தேடுங்கள். அந்த வயது நினைவுகள்தான் அதிகம் தங்குகின்றன. "வயதானவர்களுக்குப் பக்திப் பாட்டு" என்று நாமாக முடிவு செய்வது மரியாதை ஆகாது.

9. அமர்வின் அமைப்பு

வரவேற்புப் பாட்டு, இலக்குக்கான வேலை, விடைபெறும் பாட்டு. முதலும் கடைசியும் ஒவ்வொரு வாரமும் மாறாமல் இருக்கட்டும். என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தால் குழந்தைக்கும் மறதி நோய் உள்ளவருக்கும் பயம் குறையும். குழந்தைகளுக்கு 30 நிமிடத்தில் தொடங்குங்கள். நன்றாகப் போகிறது என்று நேரத்தை நீட்டாதீர்கள். களைப்பு வரும் முன் முடித்தால்தான் அடுத்த வாரம் விருப்பத்தோடு வருவார்கள்.

இணையவழி அமர்வு என்றால் சேர்ந்து வாசிக்கும் திட்டத்தையே விடுங்கள். இருவர் ஒன்றாக வாசிக்க ஒலித் தாமதம் சுமார் 30 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும். சாதாரண வீடியோ அழைப்பில் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். நீங்கள் ஒரு வரி, அவர் ஒரு வரி என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். செயலியில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது வாத்திய ஒலியையும் சேர்த்து வெட்டும்.

10. குறிப்பு எழுதுதல்

அன்றைக்கே எழுதுங்கள். நான்கு பகுதி போதும்: அவர் அல்லது குடும்பத்தார் சொன்னது, நான் கண்டது, அதிலிருந்து நான் நினைப்பது, அடுத்து செய்யப் போவது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கலக்காதீர்கள். "டிரம்மைத் தள்ளினார்" என்பது கண்டது. "கோபமாக இருந்தார்" என்பது நினைப்பது. வலியால் தள்ளியிருக்கலாம், சத்தத்தால் தள்ளியிருக்கலாம். நாலு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது நீங்கள் முதலில் நினைத்தது தவறு என்று தெரியும். கண்டதைத் தனியாக எழுதியிருந்தால்தான் அது தெரியும்.

ஒலி, ஒளிப்பதிவுக்குத் தனி ஒப்புதல் வாங்குங்கள். எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று அதில் இருக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்து போட்டாலும், கேமராவைக் கண்டு குழந்தை முகத்தை மூடினால் அன்று பதிவு கிடையாது. சொந்தப் படங்கள் உள்ள கைபேசியில் இவற்றை வைக்காதீர்கள்.

11. ஆட்கள் எப்படி வருவார்கள்

விளம்பரத்தால் வருவது குறைவு. எனக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மற்ற சிகிச்சையாளர்கள் அனுப்பியவர்கள். அதற்கு நான் செய்தது ஒன்றுதான்: அனுப்பியவருக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை, குடும்பத்தின் சம்மதத்தோடு, ஒரே பக்கத்தில் அறிக்கை. தொடங்கும்போது என்ன எண், இப்போது என்ன எண், எது நகரவில்லை. நகராததை மறைக்காதீர்கள். அதைப் படித்துவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்ட் தன் பயிற்சி நேரத்தையே மாற்றி அமைத்தார். அதன் பிறகுதான் அந்த நோயாளி முன்னேறினார். குணமாக்குவேன் என்று எங்கும் எழுதாதீர்கள், பேசாதீர்கள்.

12. முடிப்பது

இலக்கு எட்டிவிட்டது, அல்லது இரண்டு முறை மாற்றிப் பார்த்தும் எட்டவில்லை என்றால் முடிக்க வேண்டும். தனியாக நின்று வருமானம் பார்க்கிறவருக்கு இது கடினம். அதனால்தான் முதல் பகுதியில் சொன்ன அந்த மூத்த சிகிச்சையாளரிடம் இதைப் பேசச் சொல்கிறேன். திடீரென்று நிறுத்தாதீர்கள். கடைசி 3 அல்லது 4 அமர்வுகளுக்கு முன்பே சொல்லி, எத்தனை மிச்சம் என்று ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துங்கள். குழந்தைகளுக்கு ஒரு தாளில் நான்கு வட்டம் வரைந்து, வாரம் ஒன்றாக வண்ணம் அடிக்கச் சொல்வேன்.

இந்த வாரங்களில் வீட்டில் இருப்பவரை அறைக்குள் அழைத்து உட்கார வையுங்கள். வரி முடிவில் எங்கே நிறுத்துவது, எத்தனை நொடி காத்திருப்பது, எப்போது விட்டுவிடுவது என்பதை அவர் கையால் செய்து பார்க்கட்டும். கடைசி அமர்வில் பாட்டை அவர் தொடங்கட்டும், நீங்கள் கூடப் பாடுங்கள்.